மெதுவாகச் சுற்ற முடியாது

வெறுங்காலில் நீர்ச்சறுக்கு செய்கிறவர்களிடம் ஒரு சின்ன சூத்திரம் இருக்கிறது. உங்கள் எடையை பவுண்டில் எடுத்துக்கொள்ளுங்கள், பத்தால் வகுங்கள், இருபதைக் கூட்டுங்கள். நம்மைக் கயிற்றில் இழுக்கும் மோட்டார் போட் மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் போக வேண்டும் என்பது வந்துவிடும். நான் 70 கிலோ, அதாவது 154 பவுண்டு. ஆக 35 மைலுக்குக் கொஞ்சம் மேலே, நம்மூர்க் கணக்கில் மணிக்கு 57 கிலோமீட்டர். அந்த வேகத்தில் என்னைத் தண்ணீர்மேல் தாங்கி நிற்பது என் இரண்டு உள்ளங்கால்கள் மட்டும்தான். பலகை கிடையாது, செருப்பு கிடையாது. போட்டின் வேகம் நாலைந்து மைல் குறைந்தால் போதும், பாதம் அமிழ ஆரம்பிக்கும், தெறிக்கும் தண்ணீர் முழங்காலைத் தாண்டி முகத்துக்கு வரும், கண் தெரியாது, அடுத்த நொடி ஏரிக்குள் இருப்பீர்கள்.

இந்தச் சூத்திரத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் இப்போது பழகிக்கொண்டிருப்பது 360, அதாவது முழுச்சுற்று. போட்டைப் பார்த்தபடி போய்க்கொண்டிருக்கும்போதே திரும்பி, போட்டுக்கு முதுகைக் காட்டி, கயிற்றின் கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி, சுற்றை முடித்து மறுபடி போட்டைப் பார்த்து நிற்க வேண்டும். வீடியோவில் பார்த்தால் ஏதோ தெரிவதற்குள் முடிந்துவிடும். ஆனால் நாம் எதைக் கற்றாலும் முதலில் மெதுவாகத்தானே செய்து பார்ப்போம்? மிருதங்கம் கற்கிறவன் ஒரு சொல்லை முதல் காலத்தில் வாசித்து வாசித்துக் கை பழகிய பிறகுதான் இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் போவான். இங்கே முதல் காலமே கிடையாது. வேகத்தைக் குறைத்தால் நிற்பதற்கே இடமில்லை. சுற்றை மட்டும் மெதுவாகச் செய்யலாம் என்றால் அதுவும் நடக்காது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். மெதுவாகச் செய்ய முடியாத ஒன்றை மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்த வித்தையில் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. மற்றபடி அமெரிக்கா வந்து நாற்பது வயதை நெருங்கும்போது விலா எலும்பைப் பணயம் வைக்க வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

நான் இருப்பது ஃப்ளோரிடாவில், டாம்பாவில். கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் விண்டர் ஹேவன். ஏரிகளின் ஊர், ஏரிக்கும் ஏரிக்கும் கால்வாய் வெட்டி இணைத்திருக்கிறார்கள். வெறுங்கால் சறுக்கு பிறந்ததே இங்கேதான், 1947-இல். ஏ. ஜி. ஹான்காக் என்ற பதினேழு வயதுப் பையன் முதலில் செய்து பார்த்தான் என்கிறார்கள். ஆனால் பெயரெடுத்தவர் அதே வருடம் செய்த டிக் போப் ஜூனியர். அவருடைய அப்பா டிக் போப் சீனியர் இங்கே சைப்ரஸ் கார்டன்ஸ் என்ற பூங்காவை நடத்தினார். நீர்ச்சறுக்குக் காட்சிகளுக்குப் பேர்போன இடம், விளம்பரம் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கேமரா யார் வீட்டில் இருக்கிறதோ அவர்கள்தானே வரலாற்றில் முதல் ஆள்? அந்தப் பூங்கா 2009-இல் மூடி, 2011-இல் அதே இடத்தில் லெகோலாண்ட் வந்துவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லெகோ பார்க்கப் போகிற நம்மாட்கள் யாருக்கும் பக்கத்திலிருக்கும் எலோயிஸ் ஏரியில் என்ன நடந்தது என்று தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

இன்னொருவரையும் சொல்லாமல் போகக்கூடாது. ஜார்ஜ் பிளேர், எல்லோருக்கும் 'பனானா ஜார்ஜ்'. தலைமுதல் கால்வரை மஞ்சள் உடையில்தான் வருவார். நாற்பத்தாறு வயதில் வெறுங்கால் சறுக்கு கற்றுக்கொண்டு தொண்ணூறு வயதைத் தாண்டியும் செய்தவர். அண்டார்டிகா உட்பட ஏழு கண்டங்களிலும் தண்ணீர்மேல் வெறுங்காலோடு நின்றவர். 2013-இல், 98 வயதில்தான் காலமானார். "இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்" என்று என்னிடம் கேட்கிற நண்பர்களுக்கு அவர் படத்தைத்தான் அனுப்புவேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முன்னோக்கிப் போகும்போது தண்ணீரை முதலில் சந்திப்பது கால்விரல் பக்கம். அதனால் விரல்களை மேலே தூக்கி, எடையைக் குதிகால் பக்கம் வைத்துக்கொள்கிறோம். விரல் கொஞ்சம் தாழ்ந்து நுனி தண்ணீருக்குள் போனால் அப்படியே முன்னால் தூக்கி அடிக்கும், முகம்தான் முதலில் இறங்கும். பின்னோக்கிப் போகும்போது எல்லாம் தலைகீழ். இப்போது தண்ணீரைச் சந்திப்பது குதிகால். அதை லேசாகத் தூக்கி எடையைப் பாதத்தின் முன்பகுதியில், விரல்களுக்குக் கீழே இருக்கும் மேட்டில் வைக்க வேண்டும். குதிகால் மாட்டினால் மல்லாக்க விழுவீர்கள், பின்னந்தலையில் ஏரி ஒரு அறை விடும். இந்த இரண்டு நிலைகளும் தனித்தனியாகப் பழகிவிடலாம். இரண்டிலும் நிற்க இடம் இருக்கிறது, மூச்சுவிட நேரம் இருக்கிறது.

நடுவில்தான் வினை. நான் இடப்பக்கமாகத் திரும்புகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாசிச் சுற்று முடியும்போது என் வலது தோள் போட்டைப் பார்த்திருக்கும், நான் பக்கவாட்டில் போய்க்கொண்டிருப்பேன். அப்போது தண்ணீரைச் சந்திப்பது வலது பாதத்தின் சுண்டுவிரல் ஓரம், பின்னால் வரும் இடது பாதத்தின் உள்ஓரம். பாதம் நீளவாக்கில் எவ்வளவு வழுக்கிப் போகுமோ, குறுக்குவாக்கில் அவ்வளவு வழுக்காது. விரலைத் தூக்குவது போல, குதிகாலைத் தூக்குவது போல ஓரத்தைத் தாராளமாகத் தூக்கவும் கணுக்கால் நமக்கு அமைந்திருக்கவில்லை. போட்டிலிருந்து விலகிச் சாய்ந்து, அந்த ஓரத்தை ஒரு மயிரிழை உயர்த்தி வைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே அந்தப் பக்கவாட்டு நிலையில் தங்கக்கூடாது. அதைக் கடந்துவிட வேண்டும். மெதுவாகச் சுற்றுகிறவன் அந்த மோசமான இடத்தில் அதிக நேரம் இருக்கிறான், ஓரம் மாட்டுகிறது, விழுகிறான். சுற்று ஏன் மெதுவாக நடக்காது என்பதற்கு இதுதான் பதில்.

வேகத்தையும் குறைக்க முடியாது, சுற்றையும் மெதுவாக்க முடியாது. அப்படியென்றால் எதை மாற்றலாம்? இந்த விளையாட்டைப் பழக்குகிறவர்கள் எழுபது எண்பது வருடங்களாக இந்தக் கேள்விக்குத்தான் விடை தேடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் விடை, காலை மாற்று. ஷூ ஸ்கீ என்று ஒன்று உண்டு. அடிப்பக்கம் அகலமாகத் தட்டையாக இருக்கும் காலணி. பாதத்தின் பரப்பு கூடுவதால் குறைந்த வேகத்திலேயே நிற்கலாம், விழுந்தாலும் அடி குறைவு. பலருக்கு இது வரப்பிரசாதம். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஷூ போட்டுக்கொண்டு சுற்றும்போது கைமாற்றம் நன்றாகப் பழகுகிறது, உடம்பு சுற்றும் வரிசை பழகுகிறது, ஆனால் ஓரம் பழகுவதில்லை. வெறுங்கால் மன்னிக்காத தப்புகளை எல்லாம் ஷூ மன்னித்துவிடும். அதனால் கைக்காக மட்டும் ஷூ போடுங்கள், காலுக்காகப் போடாதீர்கள் என்பது என் கட்சி. என் கோச் இதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது விடை, கயிற்றை மாற்று. வழக்கமாகக் கயிறு 75 அடி, கிட்டத்தட்ட 23 மீட்டர், போட்டுக்குப் பின்னால் நீளும். பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம். போட்டின் பக்கவாட்டில் ஒரு நீண்ட உலோகக் குழாயை நீட்டிப் பொருத்துவார்கள், அதற்குப் பெயர் பூம். அதையே பிடித்துக்கொண்டு நிற்கலாம், அல்லது அதில் ஐந்தடிக் கயிறு ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். போட் கிளப்பும் அலைக்கு வெளியே, கண்ணாடி மாதிரித் தண்ணீரில் போவீர்கள். இழுப்பு மேலிருந்து வருவதால் உங்கள் எடையில் ஒரு பங்கை அந்தக் குழாய் வாங்கிக்கொள்ளும். கோச் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கத்துவார், நமக்கு அது கேட்கவும் செய்யும். நீளக் கயிற்றில் போட்டிலிருந்து வருவது சைகை மட்டும்தான். பூம் வந்த பிறகு இந்த விளையாட்டைக் கற்பது எவ்வளவு எளிதாகிவிட்டது என்று பழைய ஆட்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்கிறார்கள். அவர்கள் காலத்தில் ஒற்றை ஸ்கீயில், அதாவது ஒற்றைச் சறுக்குப் பலகையில், போய்க்கொண்டிருக்கும்போதே ஒரு காலைத் தண்ணீரில் வைத்து, மற்ற காலை ஸ்கீயிலிருந்து உருவி எடுக்க வேண்டும்.

மூன்றாவது விடைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: நிற்காதே, படு. டம்பிள் டர்ன் என்பார்கள். மல்லாந்து படுத்து, கால்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கைப்பிடியை விடாமல் முதுகின்மேல் சுழல்வது. பார்க்கக் கரப்பான்பூச்சியைக் கவிழ்த்துப் போட்டது போல்தான் இருக்கும். ஆனால் முதுகுக்கு ஓரம் கிடையாது, மாட்டுவதற்கு எதுவும் இல்லை. வெறுங்கால் சறுக்கில் ஒருவர் முதன்முதலில் போடும் சுற்று இதுவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இதில் இன்னொரு லாபம், இதுதான் உயிர்காக்கும் வித்தையும். நின்றுகொண்டு சுற்றும்போது தடுமாறினால், கைப்பிடி மட்டும் கையில் இருந்தால், விழுந்த வேகத்திலேயே முதுகில் சுழன்று, காலை முன்னால் கொண்டுவந்து, உட்கார்ந்து, எழுந்துவிடலாம். விழுவதை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு நிற்பதைப் பிறகு சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டம் எனக்குத் தெரிந்து வேறெங்கும் அதிகம் இல்லை. ஜூடோவில் உண்டு.

நான்காவது, சுற்றைப் பாதியாக வெட்டுவது. முன்னிருந்து பின்னுக்கு ஒரு 180, பின்னிருந்து முன்னுக்கு ஒரு 180. இரண்டும் தனித்தனி வித்தைகள், போட்டியில் தனித்தனியாகப் புள்ளியும் உண்டு. இதற்குப் பின்னோக்கிப் போவது தெரிந்திருக்க வேண்டும், அது அறுபதுகளில்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். போட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குப்புறத் தண்ணீரில் கிடந்து, இழுப்பு ஆரம்பித்ததும் இடுப்பைத் தூக்கிப் பாதங்களை ஊன்றி எழும்புவது. எங்கே போகிறோம் என்று தெரியாது, போய்வந்த இடம் மட்டும் தெரியும். மூக்குக்குள் ஏரி முழுவதும் ஏறும். ஃப்ளோரிடாவில் கோடையில் சூடான நன்னீரில் இருக்கும் ஒரு அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடலாம். மிக மிக அபூர்வம், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். அதனால் நான் மூக்குக் கிளிப் இல்லாமல் இறங்குவதில்லை. முதலைகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், அமீபாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இரண்டு பாதிகளும் வந்துவிட்டால் சேர்த்தால் முழுசுதானே என்று தோன்றும். அப்படி வராது. முதல் பாதி முடிந்ததும் உடம்பு அங்கே குடியேறிவிடும். குதிகால் தூக்கியாயிற்று, எடை முன்னால் போயாயிற்று, சமநிலை கிடைத்துவிட்டது, கிடைத்ததை விட மனசு வராது. முழுச்சுற்றில் அந்தப் பின்பக்க நிலை ஒரு நிறுத்தம் அல்ல, ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிற ஊர்ப்பலகை. அதே நேரத்தில் அங்கே ஒரு வேலை இருக்கிறது, அதுதான் கைமாற்றம்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முழுச்சுற்று நிற்பதும் விழுவதும் காலில் இருப்பதாக நினைப்பவர்கள்தான் அதிகம். திரும்புவதற்கு முன் இரண்டு கைகளாலும் கைப்பிடியை இடுப்புக்கு இழுக்கிறோம். அந்த இழுப்பில் கயிறு ஒரு கணம் தளர்கிறது, அந்தத் தளர்ச்சிதான் சுற்றுவதற்கான மொத்தச் சம்பளம். இடப்பக்கம் திரும்பினால் இடது கை விடும், வலது கை பிடித்திருக்கும், பிடித்த கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். போட்டுக்கு முதுகு வரும்போது கைப்பிடி இடுப்பின் பின்புறம், பெல்ட் இருக்கும் இடத்தில் இருக்கும். அங்கே இடது கை வந்து வாங்கிக்கொள்ள, வலது கை விட, உடம்பு மிச்சத்தைச் சுற்றி முடிக்கும். இவ்வளவுதான். ஆனால் பிடித்த கை உடம்பைவிட்டு ஒரு சாண் விலகினாலும் போட் இழுக்கும் இழுப்பு உங்கள் தோள் வழியாக வரும், சுழல் அச்சு சாயும், இடது கை காற்றைத் துழாவிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஏற்கெனவே சாய்ந்திருப்பீர்கள். ஓரம் மாட்டியது என்று நினைப்போம். உண்மையில் கை விலகியதால்தான் உடம்பு சாய்ந்தது, உடம்பு சாய்ந்ததால்தான் ஓரம் மாட்டியது.

கைமாற்றத்தை மட்டும் தரையில் மெதுவாகப் பழகலாம். இந்த வித்தையில் மெதுவாகச் செய்ய முடிகிற ஒரே துண்டு அதுதான். எங்கள் கராஜில் ஒரு கம்பத்தில் பழைய கயிற்றைக் கட்டி, வழவழப்பான சிமெண்ட் தரையில் சாக்ஸோடு நின்று சுற்றிக்கொண்டே இருப்பேன். குழம்பு கொதிக்கும் நேரத்தில் பத்து, போன் பேசும்போது பத்து என்று. ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"என்னடா பண்ற, மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி?"

விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கயித்த விட்டுட்டா என்ன ஆகும்?"

"மூழ்கிடுவேன்மா. அப்புறம் மிதந்து வந்துடுவேன். சட்டையிலயே மிதவை வெச்சுத் தச்சிருக்கு."

"அப்ப விட்டுடு."

அதுவும் நல்ல யோசனைதான், கோச்சும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார். விழுவது உறுதியாகிவிட்டால் கையை விட்டுவிடு, கைப்பிடியில் தொங்கிக்கொண்டு விழாதே. சட்டை என்று அம்மாவிடம் நான் சொன்னது வெட்சூட், உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை. அதைப் பற்றிச் சொன்னது உண்மை. வெறுங்கால்காரர்களின் வெட்சூட் முதுகிலும் விலாவிலும் பின்புறத்திலும் தடித்த திண்டு வைத்துத் தைத்தது, அதுவே மிதக்கவைக்கும், தனி லைஃப் ஜாக்கெட் வேண்டாம். பின்புறத்துத் திண்டு எதற்கு என்றால், மணிக்கு 57 கிலோமீட்டரில் காலை அகட்டி உட்கார்ந்தாற்போல் விழுந்தால் தண்ணீர் எங்கெல்லாம் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் குடும்பத்தோடு படிப்பவர்களுக்காக நிறுத்திக்கொள்கிறேன். உள்ளங்கால் வலிக்காதா என்று கேட்பார்கள். தண்ணீர் சமமாக இருந்தால் வலிக்காது, சிற்றலை இருந்தால் பிரம்படி. அதனால்தான் விடியற்காலையில் இறங்குகிறோம், ஒன்பது மணிக்கு மேல் காற்றும் மற்ற போட்களும் வந்து ஏரியைக் கெடுத்துவிடும்.

தரைப் பயிற்சி ஏமாற்றவும் செய்யும். தரையில் நடுவில் நிற்கலாம், கைப்பிடி எங்கே என்று தடவிப் பார்க்கலாம், கம்பம் உங்களை இழுக்காது. தண்ணீரில் கைப்பிடிக்கு உயிர் இருக்கிறது. தரையில் நூறு முறை சரியாகச் செய்தவன் தண்ணீரில் அந்த இழுப்பை உணர்ந்ததும் கையை நீட்டிவிடுவான், உடம்பு அப்படித்தான் பயப்படும். இதற்கு என் கோச் வைத்திருந்த மருந்து விசித்திரமானது. பூமில், ஐந்தடிக் கயிற்றில், சுற்றவே வேண்டாம் என்றார். நேராகப் போய்க்கொண்டே கைப்பிடியை இடுப்புக்கு இழு, ஒரு கையை விடு, அப்படியே போ. திரும்பாதே. அடுத்து பின்னோக்கிப் போய்க்கொண்டே கைப்பிடியை முதுகுக்குப் பின்னால் வலதிலிருந்து இடதுக்கு மாற்று, இடதிலிருந்து வலதுக்கு மாற்று. திரும்பாதே. வாரக்கணக்கில் சுற்றில்லாத சுற்று. எரிச்சலாக இருந்தது. ஆனால் இழுப்பைக் கண்டு கை பயப்படுவது அதில்தான் நின்றது. வேகம் முழு வேகம், தண்ணீர் உண்மைத் தண்ணீர், இழுப்பு உண்மை இழுப்பு. கழித்தது திரும்புவதை மட்டும்.

அதன்பிறகு சுற்று வந்தபோது பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. பூமில் வந்தது. முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும், எழும்பக்கூடாது, பார்வை தொடுவானத்தில், தலை முதலில் திரும்ப வேண்டும் என்ற பட்டியலை எல்லாம் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். எதுவும் உதவவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தைவிடச் சுற்றின் நேரம் குறைவு, பட்டியலில் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கடைசியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வைத்துக்கொண்டேன்: கைப்பிடி பெல்ட்டை விட்டுப் போகக்கூடாது. அவ்வளவுதான். கால் தானாக வந்தது.

நீளக் கயிற்றுக்குப் போனதும் பாதி வேலை மறுபடி ஆரம்பம். இழுப்பு இப்போது கீழிருந்து, எடையை வாங்கிக்கொள்ள மேலே குழாய் இல்லை, போட்டுக்குப் பின்னால் இரண்டு அலைகளுக்கு நடுவே தண்ணீரும் வேறு மாதிரி. போட்டிக்காரர்கள் இதையெல்லாம் பதினைந்து நொடியில் அடுக்கடுக்காகச் செய்கிறார்கள். போட்டியில் பதினைந்து நொடி வீதம் இரண்டு ஓட்டம்தான், அதற்குள் எத்தனை வித்தை முடியுமோ அத்தனையும். 360-க்கு மேலே 540, 720, ஒற்றைக் காலில் சுற்றுவது, கால்விரலைக் கயிற்றுப் பட்டையில் மாட்டிக்கொண்டு கையில்லாமலேயே திரும்புவது, கயிற்றைக் காலால் தாண்டிச் சுற்றுவது என்று போகிறது. பிரிட்டனின் டேவிட் ஸ்மால், இந்தப் பக்கத்து கீத் செயிண்ட் ஆஞ் போன்ற உலக சாம்பியன்களின் வீடியோவை நான் கால் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதுண்டு. அப்போதும் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் பார்ப்பேன். பெல்ட்டில்தான் இருக்கிறது.

என் பாடு வேறு. ஒரே வித்தையை இடப்பக்கமும் வலப்பக்கமும் செய்தால் இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி என்பதால் கோச் இப்போது வலப்பக்கச் சுற்றை ஆரம்பித்துவிட்டார். இடப்பக்கம் தெரிந்தது வலப்பக்கத்துக்கு உதவும் என்று நம்பிப் போனேன், கையோ காலோ அப்படி எதையும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. மறுபடி பூம், மறுபடி ஐந்தடிக் கயிறு, இந்த வாரம் முழுக்க நேராகப் போய்க்கொண்டே வலது கையை விடுவது மட்டும்.